இரண்டாவது தடைக்கு அப்புறம் குதிரை பறக்குது, என்ன செய்யலாம்?

காரைக்குடிக்காரன்:
ஷோ ஜம்பிங் (குதிரையில தடை தாண்டுற விளையாட்டு) கத்துக்க ஆரம்பிச்சு எட்டு மாசம். முதல் தடை அழகாத் தாண்டுறா. இரண்டாவதுல இறங்கினதும் ஓட்டம் பிடிச்சுடுறா. இழுத்துப் பிடிச்சா தலையைத் தூக்கிட்டு இன்னும் வேகம். செம்மண் தரை, நேத்து முழங்கை வரைக்கும் சிவப்பு. ஆச்சி கேக்குறாங்க, "குதிரை ஓட்டினியா, மண்ணு வெட்டினியா?"

தேவகோட்டை அக்கா:
தம்பி, தடையை எடுத்து ஓரமா வைங்க. தரையில ரெண்டு கட்டை மட்டும், நடுவுல 60 அடி, நம்ம காலுக்கு 20 எட்டு. கேன்டர்ல, அதாவது மிதமான ஓட்டத்துல, ஒரு பாய்ச்சல் சுமார் 12 அடி. கட்டையைத் தாண்டி இறங்குறதுக்கும் அடுத்ததுக்கு எழும்புறதுக்கும் சேர்த்து ஒரு பாய்ச்சல் தூரம் போயிடும், அதனால நடுவுல நாலு வரும். வாய்விட்டு எண்ணுங்க. நாலு சரியா வந்ததும் அதே தூரத்தை அஞ்சுல முடிங்க, திரும்ப நாலு. எண்ணும்போது மூச்சு விட்டே ஆகணும், அதுலயே பாதி பதற்றம் போயிடும்.

புதுவயல்:
தொடர்ந்து இழுக்காதீங்க. நிமிர்ந்து உட்கார்ந்து, காலை ஒட்டி வச்சு, ஒரு நொடி பிடிச்சு உடனே விடுங்க. விடுறதுதான் முக்கியம். விடலைன்னா அவ உங்க கைமேலயே சாய்ஞ்சு ஓடுவா.

காரைக்குடிக்காரன்:
இன்னிக்கு எண்ணினேன். அஞ்சுக்கு முயற்சி பண்ணி மூணரைல கட்டை மேலயே மிதிச்சா! ஆனா தலை தூக்கலை.