வௌவால் மணிக்கு 600 கொசு தின்னுமா, தின்னாதா?

கிளைமரம்:
"நகரத்தில் திரியும் காட்டுயிர்களால் சுற்றுச்சூழலுக்கு ஒரு நன்மையும் இல்லை, எச்சமும் நோயும்தான் மிச்சம்" என்று நாலாம்மாடி நேற்று வேறோர் இழையில் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கூகை எலி பிடிக்கிறது. பழந்தின்னி வௌவால் அத்தி, ஆலம்பழங்களைத் தின்று விதையை ஊரெங்கும் போடுகிறது. யாரும் நடாத மரம் மதில் இடுக்கில் எப்படி வந்தது? பூச்சி தின்னும் வௌவால் ஒன்று மணிக்கு 600 கொசு தின்னும். இதெல்லாம் கண்ணில் படவில்லையா?

நாலாம்மாடி:
மதில் இடுக்கில் முளைக்கும் ஆலமரம் மதிலையே பிளக்கும். அதையும் உங்கள் நன்மைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், 600 கொசுவை யார் எண்ணியது?

கிளைமரம்:
வௌவால் ஆய்வாளர் டொனால்ட் கிரிஃபின் குழு. 1960இல் வெளிவந்த ஆய்வு. அறைக்குள் கொசுக்களைப் பறக்கவிட்டு வௌவால்களை வேட்டையாட விட்டார்கள். நன்றாக வேட்டையாடியவை நிமிடத்துக்குப் பத்து வரை பிடித்தன. பெருக்கத் தெரியும்தானே?

நாலாம்மாடி:
அறை! நீங்களே எழுதிவிட்டீர்கள். கொசுவை மட்டும் நிறைத்து வைத்த அறையில் அது வேறு எதைத் தின்னும்? சில நிமிட வேட்டையை 60ஆல் பெருக்கினால் அது மணிக்கணக்கு ஆகிவிடுமா? வெளியே அந்துப்பூச்சியும் வண்டும் கிடைக்கும்போது கொசுவின் பின்னால் ஏன் அலையப் போகிறது? அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பாலத்தடியில் கோடையில் 15 லட்சம் வௌவால்கள் தங்குகின்றன. அந்த இனத்துக்கு முக்கிய இரை அந்துப்பூச்சி. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், உங்கள் வௌவால் பகலில் தலைகீழாகத் தூங்கும். 600ஐத் திரும்பப் பெறுங்கள்.

ஈரமண்:
இருவரும் முதலில் நகரத்துக் காட்டுயிர் என்றால் எதெது என்று சொல்லுங்கள். எலி சேருமா? கரப்பான்? எறும்பைச் சேர்த்தால் பேச நிறைய இருக்கிறது. நியூயார்க் பிராட்வேயில் சாலை நடுத்திட்டுகளில் வாழும் எறும்பும் சிறு பூச்சிகளும் சிந்திய உணவை எவ்வளவு தின்று தீர்க்கின்றன என்று அளந்து பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். அவை தின்னும் ஒவ்வொரு துணுக்கும் எலிக்குப் போகாத உணவு.

நாலாம்மாடி:
எறும்பைப் பற்றி நான் கேட்கவில்லை. 600?

கிளைமரம்:
ஆஸ்டின் வௌவால் அந்துப்பூச்சி தின்கிறது என்றால் அதுவும் பயன்தானே? பயிரைத் தின்னும் புழுக்கள் அந்த அந்துகளின் பிள்ளைகள்தாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வௌவால் எச்சத்தைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் கொசு மரபணு கிடைத்தது. ஆக, அறைக்கு வெளியேயும் தின்கிறது. ஏடிஸ் அந்தி சாயும் முன்பும் மும்முரமாகக் கடிக்கும். முழுப் பகலுக்குத் தும்பி இருக்கிறது. அதன் குஞ்சுப்புழு தண்ணீருக்குள்ளேயே கொசுப்புழுவைத் தின்று வளர்கிறது.

இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு வேண்டுமா? 1990களில் இந்தியாவில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. கால்நடைக்கு அதைத் தரக்கூடாது என்று 2006இல்தான் தடை வந்தது. அதற்குள் செத்த மாடுகள் தெருநாய்க்கு இரையாகி நாய்கள் பெருகின. துப்புரவு செய்த பறவையைத் தொல்லை என்றவர்கள் அப்போதும் இருந்தார்கள்.

நாலாம்மாடி:
கட்டுரை நீளம், பதில் மட்டும் இல்லை. எச்சத்தில் மரபணு இருந்தது, சரி. 600 இருந்ததா? கொசு தின்றது என்று மட்டும் எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

பழைய ஏடு:
வௌவாலா, வவ்வாலா? சங்கப் பாட்டில் வாவல். ஆளுக்கொரு சொல்லை எழுதும்முன் அதை முடிவு செய்யுங்கள்.

கிளைமரம்:
இந்த இழையில் எல்லோரும் வௌவால் என்றே எழுதியிருக்கிறோம். நீங்கள் படிக்காமல் வந்திருக்கிறீர்கள்.

பழைய ஏடு:
போன மாதம் நீங்கள் வவ்வால் என்று எழுதிய பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கு இலக்கணம் சொல்லித் தர வேண்டாம்.

நாலாம்மாடி:
அதே போன மாதம், புறா இழையில் நான் கேட்டதற்கும் இவர் பதில் சொல்லவில்லை. காய்ந்த புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை நுரையீரலுக்குள் போகும் என்றேன். ஆள் காணாமல் போனார்.

கிளைமரம்:
காணாமல் போகவில்லை. உங்களிடம் பேசிப் பயனில்லை என்று விலகினேன். புறாவுக்கு அளவில்லாமல் தீனி கொட்டுவது மனிதர்கள். கூட்டம் பெருகினால் எச்சமும் பெருகும். பழியை மட்டும் பறவை சுமக்க வேண்டுமா?

ஈரமண்:
புறா காட்டுயிரா, வளர்ப்புப் பறவையின் வழித்தோன்றலா? இதற்காகத்தான் முதலிலேயே கேட்டேன்.

கிளைமரம்:
ஈரமண், எறும்புக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். நாலாம்மாடி, இந்த இழையைத் தொடங்கியது நான். 600 என்று எழுதினேன், அதை அழிக்கப் போவதில்லை.

நாலாம்மாடி:
அழிக்க வேண்டாம். பக்கத்தில் "அறைக்குள்" என்று மட்டும் சேர்த்துவிடுங்கள்.