சந்தியாகோ யாத்திரைப் பாதை: எங்கிருந்து நடக்கத் தொடங்குவது, எதைப் படித்துவிட்டுச் செல்வது?

கேள்வி:
இடைக்கால வரலாறு பயிலும் நாங்கள் பன்னிருவர், வரும் மே மாதம் ஸ்பெயினின் சந்தியாகோ தே கொம்போஸ்தெலாவுக்கு, அதாவது புனித யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் பேராலய நகருக்கு, யாத்திரிகர்கள் நடந்து செல்லும் பிரெஞ்சுப் பாதையில் நடக்கவிருக்கிறோம். பிரெஞ்சு எல்லையிலிருந்து முழுப் பாதையும் ஏறத்தாழ 780 கிலோமீட்டர். எங்களுக்கு வாய்த்திருப்பதோ 18 நாள்கள். யாத்திரையை முடித்ததற்கான சான்றிதழுக்குக் கடைசி 100 கிலோமீட்டரே போதும் என்பதால், அந்தத் தொலைவுக்குச் சற்று முன்னே உள்ள சாரியா என்ற ஊரிலிருந்து தொடங்கலாம் என்கிறார்கள் சிலர். உங்கள் அறிவுரை என்ன?

மறுமொழி 1:
சான்றிதழை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். பாதையில் உள்ள லியோன் நகரிலிருந்து தொடங்கினால் 310 கிலோமீட்டர் அளவில் வரும். நாளொன்றுக்கு இருபது, இருபத்தொன்று என நடந்தாலும் லியோனில் ஒரு முழு நாள் மிஞ்சும். அந்த நாளைப் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கும், சான் இசிதோரோ தேவாலயத்தில் அரசர்களைப் புதைத்த மண்டபத்தின் விதான ஓவியங்களுக்கும் கொடுங்கள். அந்த ஓவியங்களைக் கண்ணில் சுமந்தபடி மலைகளைக் கடந்து சென்று, 1188 என்ற ஆண்டு பொறிக்கப்பட்ட, சிற்பி மத்தேயோ சந்தியாகோ பேராலயத்தில் செதுக்கிய மகிமை வாயில் முன் நிற்கும்போது, நூறு ஆண்டுக் கலை வளர்ச்சி என்னவென்பது பாடநூலின்றியே விளங்கும். சாரியாவில் தொடங்குபவர்களுக்கு இந்த ஒப்பீடு கிடைப்பதில்லை.

மறுமொழி 2:
என் மாணவப் பருவத்தில் நாங்கள் செய்த பிழை, மாலைதோறும் விரிவுரை வைத்தது. இருபது கிலோமீட்டர் நடந்த கால்களோடு எவராலும் கவனிக்க இயலவில்லை. விடுதிகளிலும் பெரும்பாலும் பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். ஆகவே படிப்பைப் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். குறிப்பாக, புனித யாக்கோபைப் பற்றிய 12ஆம் நூற்றாண்டின் கலிக்ஸ்தினுஸ் சுவடியில், யாத்திரிகர்களுக்கான வழிகாட்டியாக அமைந்த ஐந்தாம் நூலை அனைவரும் வாசிக்க வேண்டும். எந்த ஆற்று நீரைக் குடிக்கலாம், எங்கே சுங்கம் வசூலிப்பவர்கள் கொடுமை செய்வார்கள் என்றெல்லாம் வழிப்போக்கரை எச்சரிக்கும் அந்த நூல், பாதையில் வரும் வட ஸ்பெயினின் நவார் பகுதி மக்களைப் பற்றி மிகக் கடுமையாகவும் நியாயமின்றியும் பேசுகிறது. அந்தக் காழ்ப்பு எங்கிருந்து வந்தது என்பதே நல்லதோர் ஆய்வுக் கேள்வி. ஆளுக்கோர் இடத்தைப் பிரித்துக்கொண்டு, அந்தந்த இடத்தில் நின்றபடியே பத்து நிமிடம் பேசுங்கள்.

மறுமொழி 3:
முதுகுப் பை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். சான்றிதழும் வேண்டுமென்றால் யாத்திரிகர் அட்டையில் கடைசி 100 கிலோமீட்டருக்கு நாளொன்றுக்கு இரண்டு முத்திரைகள் பெறுங்கள். சந்தியாகோ அமைந்துள்ள கலீசியா மாநிலத்தின் அரசு விடுதிகளில் முன்பதிவு கிடையாது. பன்னிருவருக்கும் ஒரே இடத்தில் படுக்கை கிடைக்கும் என்று எண்ணாமல், மூவர் மூவராகப் பிரிந்து நடங்கள். லியோனுக்குப் பின் மலைமேல் வரும் இரும்புச் சிலுவை என்ற இடத்தைக் கடந்தபின் மொலினசேக்கா ஊருக்கு இறங்கும் சரிவு ஏற்றத்தைவிட முழங்காலை வருத்தும். அன்று தூரத்தைக் குறையுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. லியோனிலிருந்தே தொடங்குகிறோம். விதான ஓவியங்களைப் பற்றி நான் பேசுவதாக இன்றே பெயர் கொடுத்துவிட்டேன்.