தாத்தா வீட்டுக் குழு: வெள்ளி இரவு, பின் பிரேக்

[9:04] அருண்: நாளைக்கு நான் உபின் தீவுக்கு வருவது சந்தேகம். சைக்கிளில் பின் பிரேக் போய்விட்டது. பிடித்தால் கைப்பிடி ஹேண்டில்பாரில் வந்து ஒட்டுகிறது.

[9:05] ராஜன்: காலை ஊன்றி நிறுத்து. நாங்கள் எல்லாம் அப்படித்தான்.

[9:06] செல்வி: உங்கள் முழங்கால் தழும்பு அப்படி வந்ததுதானே தம்பி?

[9:08] நித்யா: போன வாரம் செஸ்ட்நட் பூங்காவில் நன்றாகத்தானே பிடித்தது? நடுவில் என்ன செய்தாய்?

[9:08] அருண்: நான் முகாமில் இருந்தேன் அக்கா. இன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்தேன்.

[9:10] செல்வி: நான்தான் பின்சக்கரத்தைக் கொக்கியில் மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டேன். அடுக்குமாடி நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வேறு எங்கே வைப்பது?

[9:15] நித்யா: பெரியம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், காரணம் அதுதான். பிரேக் கைப்பிடிக்குள் சின்ன ஆயில் தொட்டி இருக்கிறது. அதில் கொஞ்சம் காற்று இருந்தாலும், சைக்கிள் நேராக நிற்கும்வரை அது மேலேயே கிடக்கும், தொந்தரவில்லை. பின்சக்கரம் மேலே போனதும், சக்கரத்துப் பக்கம் இருக்கும் காலிப்பரும் குழாயும் உயரத்துக்குப் போய்விட்டன. காற்று ஏறிக் குழாய்க்குள் நுழைந்துவிட்டது. ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். கையின் விசையெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. பிரேக் பேடுகளைத் தள்ளும் பிஸ்டன் அசைவதே இல்லை.

[9:15] ராஜன்: என் மகள் சுருக்கமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

[9:16] செல்வி: ஆக, தப்பு என் மேல்.

[9:17] கோமதி: நாளைக்குப் புரட்டாசிச் சனி. உபினில் யாரும் நண்டு, இறால் பக்கம் போகக் கூடாது. புளிச்சோறு கட்டுகிறேன். எத்தனை பேர்?

[9:17] ராஜன்: நண்டு என்ன பாவம் செய்தது அண்ணி?

[9:19] மணிவண்ணன்: அருண், கைப்பிடியை ஐந்தாறு முறை விட்டு விட்டுப் பிடி. இறுகுகிறதா? இறுகியதும் விடாமல் அழுத்திப் பிடித்திரு. மெல்ல உள்ளே இறங்குகிறதா?

[9:21] அருண்: இறுகுகிறது பெரியப்பா. இறங்கவில்லை. கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் பிடித்தால் பழையபடி தொளதொள.

[9:22] மணிவண்ணன்: அப்படியென்றால் கசிவு இல்லை. ஏர் பிடித்திருக்கிறது. ஏர் எடுத்தால் போதும். என்னிடம் பாதி டின் பிரேக் ஆயில் இருக்கிறது, டாட் 4. கொண்டுவருகிறேன்.

[9:22] நித்யா: வேண்டாம் பெரியப்பா!!!

[9:25] நித்யா: நீங்கள் கண்டுபிடித்தது சரி. ஆனால் இது ஷிமானோ நிறுவனத்தின் பிரேக், மினரல் ஆயில் மட்டும்தான். உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் அதற்கென்றே செய்தவை. டாட் ஆயில் பட்டால் ஊதிப்போய்க் கெட்டுவிடும், பிரேக்கையே மாற்ற வேண்டியதுதான். ஸ்ராம் நிறுவனத்தின் பிரேக்குகளில் பல டாட் ஆயிலில் ஓடுபவை, அவர்களே இப்போது சில வகைகளுக்கு மினரல் ஆயில் கொண்டுவந்துவிட்டார்கள், அதனால் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்த்து ஊற்றவும் கூடாது, தொட்டி மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு

[9:25] ராஜன்: படித்து முடிப்பதற்குள் விடிந்துவிடும்.

[9:26] மணிவண்ணன்: 38 ஆண்டு லாரிக்குப் பிரேக் போட்டவன் நான்.

[9:27] ராஜன்: அண்ணே, அந்த டின்னை எப்போது திறந்தீர்கள்?

[9:27] மணிவண்ணன்: மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது.

[9:28] நித்யா: டாட் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே பெரியப்பா. பழைய டின் காருக்கே ஆகாதே.

[9:29] கோமதி: அது அரிசி வாளிக்குப் பக்கத்தில் எத்தனையோ காலமாக உட்கார்ந்திருக்கிறது. யார் எடுத்துக்கொண்டு போனாலும் புண்ணியம்.

[9:31] ராஜன்: அப்பாவின் சைக்கிளைப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் 15 வெள்ளிக்குத் தூக்கிக் கொடுத்தவர் இன்று சைக்கிள் வைத்தியர்.

[9:31] மணிவண்ணன்: அது துருப்பிடித்துக் கிடந்தது.

[9:32] ராஜன்: கம்பி பிரேக். ஆயிலும் இல்லை, ஏரும் இல்லை. நன்றாகத்தான் பிடித்தது.

[9:33] மணிவண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

[9:34] கோமதி: ராஜா, 22 ஆண்டாகிவிட்டது. விடு. எத்தனை பேருக்குச் சோறு?

[9:36] நித்யா: அருண், நான் சிரிஞ்சும் ஆயிலும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் பின்சக்கரத்தைக் கழற்று, பேடுகளை வெளியே எடு. கைப்பிடியைத் தொடாதே. நடுவில் சக்கரத்தின் டிஸ்க் இல்லாமல் அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

[9:37] ராஜன்: சிரிஞ்சு எதற்கு, அப்பாயியின் இன்சுலின் ஊசி இருக்கிறதே.

[9:41] அருண்: அழுத்திவிட்டேன்.

[9:41] நித்யா: டேய்.

[9:42] நித்யா: பரவாயில்லை. டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் வைத்திருக்கிறேன், உள்ளே தள்ளிவிடலாம். பேடைப் படம் எடுத்துப் போடு.

[9:44] அருண்: (படம்)

[9:45] நித்யா: ஏன் இப்படிப் பளபளக்கிறது?

[9:47] அருண்: போன மாதம் கீச்சென்று கத்தியது. சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிரேயைக் கொஞ்சம் அடித்தேன்.

[9:47] மணிவண்ணன்: டிஸ்கிலா???

[9:48] நித்யா: அந்தப் பேடுகளைக் குப்பையில் போடு. எண்ணெய் குடித்த பேடு தேறாது. டிஸ்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு நான் துடைக்கிறேன். என்னிடம் ஒரு ஜோடி புதிய பேடு இருக்கிறது, 28 வெள்ளி, பெரியம்மா உங்கள் கணக்கில் எழுதுகிறேன்.

[9:48] செல்வி: என் கணக்கிலா? ஸ்பிரே அடித்தவன் சம்பளம் வாங்குகிறான்.

[9:50] ராஜன்: இரவு வேலை முடிந்து நேராகச் சாங்கிப் படகுத்துறைக்கு வருகிறேன். 7:30 முடியாது. 8 மணி வையுங்கள்.

[9:51] கோமதி: 8 என்றால் வெயில் ஏறிவிடும்.

[9:51] ராஜன்: 12 பேர் சேராமல் படகு கிளம்பாது அண்ணி. எப்படியும் காத்திருக்கத்தான் போகிறீர்கள்.

[10:26] அருண்: நித்யா அக்கா தொடங்கிவிட்டார். கைப்பிடித் தொட்டியின் மேல் புனல் மாட்டியிருக்கிறது. காலிப்பரில் பேடுகளுக்குப் பதில் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை. கீழே 7 மில்லிமீட்டர் ஸ்பேனரால் திறந்து சிரிஞ்சால் ஆயிலை மேலே தள்ளுகிறார். புனலில் குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. நின்றுவிட்டது என்று நினைத்தோம், ஸ்பேனர் பிடியால் குழாயைத் தட்டினார், பட்டாணி அளவில் ஒன்று வந்தது.

[10:27] ராஜன்: அண்ணன் எங்கே?

[10:28] செல்வி: இங்கேதான். டின்னோடு வந்தார். டின்னை வாசலோடு நிறுத்திவிட்டாள் உங்கள் மகள். மாமா இப்போது டார்ச் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

[10:29] கோமதி: வீட்டில் மின்விளக்கு மாற்றச் சொன்னால் முதுகுவலி.

[10:52] அருண்: இறுகிவிட்டது! பாதி தூரத்திலேயே நிற்கிறது.

[10:56] நித்யா: இன்னும் முடியவில்லை. கைப்பிடியை அழுத்தி ரப்பர் பட்டையால் ஹேண்டில்பாரோடு கட்டி இரவு முழுக்க விட்டிருக்கிறோம். மிச்சம் மீதிக் குமிழி இருந்தால் மேலே வந்துவிடும். பெரியப்பா சொன்ன யோசனை. ஆனால் புதிய பேடு உடனே கடிக்காது. காலையில் கார்நிறுத்துமிடத்தில் வேகமாக ஓட்டி, சக்கரம் பூட்டாமல் மெதுவாகப் பிடித்து விட வேண்டும், ஒரு 20 முறையாவது. அப்புறம்தான் உபினில் கேத்தாம் மலைச்சைக்கிள் பாதையின் சரிவு.

[10:57] செல்வி: கேத்தாம் வேண்டாம். தீவின் செக் ஜாவா பக்கம் ஓட்டட்டும்.

[10:57] அருண்: அம்மா!

[10:58] மணிவண்ணன்: காலையில் கைப்பிடியை நான் பிடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.

[10:59] ராஜன்: அப்படியென்றால் 8 மணிதானே?

[11:02] கோமதி: சோறு எத்தனை பேருக்கு என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

[11:10] மணிவண்ணன்: டின்னை அங்கேயே மறந்துவிட்டேன்.

[11:10] கோமதி: அங்கேயே இருக்கட்டும்.

[11:11] செல்வி: அக்கா, நடைபாதையில் வைக்கக் கூடாது. அறிவிப்பு இருக்கிறது.