பைபோலாரும் தூக்கமும்: காபி, குடி, சிகரெட் பற்றி உங்கள் அனுபவம்

என் அண்ணனுக்கு பைபோலார், அதாவது மனநிலை சில காலம் அளவுமீறிய உற்சாகத்துக்கும் சில காலம் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறும் மனநோய். அதற்கு லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறார். வீட்டில் நாங்கள் முதலில் கவனிப்பது அவருடைய தூக்கத்தைத்தான். புரண்டு புரண்டு படுத்துவிட்டுக் காலையில் சோர்ந்து எழுந்தால் அவ்வளவு பயப்பட மாட்டோம். 3 மணி நேரம் தூங்கிவிட்டு, “எனக்கு இது போதும்” என்று துள்ளிக்கொண்டு திரிந்தால்தான் பயம். அவருக்கு மேனியா, அந்த அளவுமீறிய உற்சாக நிலை, அப்படித்தான் ஆரம்பிக்கும்.

கணக்கு முடிக்கிற மார்ச் மாதம் ராத்திரியெல்லாம் வேலை. ஃபில்டர் காபி போதாமல் எனர்ஜி டிரிங்கும் சேர்ந்தது. குடித்த கஃபைனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்தது, 11 மணிக்குப் படுக்கும்போதும் பாதி உள்ளேயே இருக்கும். தூக்கம் குறைந்தது, பேச்சு வேகமெடுத்தது, நடுராத்திரியில் ஆன்லைனில் ஏதேதோ வாங்கினார். அண்ணிதான் உடனே டாக்டரிடம் கூட்டிப் போனார்.

இனி காபியே வேண்டாம் என்று அண்ணன் சொன்னதும் டாக்டர் தடுத்துவிட்டார். கஃபைன் லித்தியத்தைச் சிறுநீரில் அதிகமாக வெளியேற்றுமாம். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வரை போகலாம். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். இப்போது காலையில் மட்டும்தான் காபி.

* * *

அக்கா, நானும் பைபோலாரோடுதான் வாழ்கிறேன். குடியைப் பற்றிச் சொல்கிறேன். படுத்ததும் தூக்கம் வந்துவிடும், உண்மைதான். ஆனால் போதை இறங்கும் பின்னிரவில் விழிப்பு வந்துகொண்டே இருக்கும். கனவு வரும் தூக்கமும் குறையும். மறுநாள் சோர்வுக்குக் காபி, அந்தப் படபடப்புக்கு ராத்திரி மறுபடி குடி. “குடித்தாலாவது தூங்குகிறானே” என்று வீட்டில் ஆறுதல்பட்டார்கள். தூங்கிய நேரத்தையும் குடித்ததையும் நோட்டில் எழுதச் சொன்னார் டாக்டர். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா நம்பினார். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகும், அது இன்னும் ஆபத்து.

* * *

தம்பி, சிகரெட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிகோட்டினும் தூக்கத்தைக் கெடுக்கும். என் கணவர் ஒலான்சபின் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறார். சிகரெட்டை விட்டதும் பகலெல்லாம் தூங்கி வழிந்தார். புகை கல்லீரலில் அந்த மருந்தை வேகமாகச் சிதைக்கும் என்றும், விட்டால் ரத்தத்தில் மருந்து கூடும் என்றும் சொல்லி டாக்டர் டோஸைக் குறைத்தார். சிகரெட்டைக் கட்டாயம் விடுங்கள், ஆனால் விடுகிற தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.