முதல் முழு முறுக்கில் நடந்தது: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

பால்சாத்தூள்:

பைப்பர் கப் விமானத்தின் மாதிரி, முறுக்கிய ரப்பரால் பறப்பது. இறக்கை நீளம் 60 சென்டிமீட்டர், ரப்பர் இல்லாமல் எடை 45 கிராம். கட்டிய கதையை விட்டுவிடுகிறேன், ஏனெனில் விலாக்களை அறுத்து, வரைபடத்தின் மேல் ஊசி குத்தி, டிஷ்யூ ஒட்டி, நீர் தெளித்து இறுக்கிய அனுபவம் இங்கே எல்லோருக்கும் உண்டு. என்னை உறுத்துவது பறக்கவிட்டதற்கு முந்தைய இரவுதான். விளக்கடியில் இறக்கையைப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தபோது, இடது நுனியின் பின்விளிம்பு வலது நுனியினுடையதைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் தூக்கியிருந்தது. நீராவியில் காட்டி, எதிர்ப்பக்கமாகத் திருகி, ஆறும்வரை பிடித்திருந்தால் சில நிமிடங்களில் சரியாகியிருக்கும். பார்த்தேன், விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் உயரமான புல்லின் மேல் வெறுமனே சறுக்கவிட்டபோது சற்று இடப்பக்கம் சாய்ந்தது. சுக்கானில் ஒரு சிறிய காகித மடிப்பை ஒட்டி வலப்பக்கம் திருப்பினேன். நேராகச் சென்று அழகாக இறங்கியது. 100 முறுக்கிலும் 200 முறுக்கிலும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தத் துணிச்சலில் 600 ஏற்றினேன். கையைவிட்டு நீங்கி மூன்று மீட்டர் ஏறியதும், இடது இறக்கையைக் கீழிருந்து யாரோ கயிறு கட்டி இழுத்தது போல விமானம் பக்கவாட்டில் கவிழ்ந்தது. அந்த ஒரு கணம் இறக்கையின் முழுப் பரப்பும் எனக்கு நேராக நின்றது. மஞ்சள் டிஷ்யூவின் வழியே வெயில் பாய்ந்து உள்ளே இருந்த விலாக்களை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் போல் இருந்தது. பிறகு சுருண்டு தரையில் குத்தியது. விழுந்த பின்னும் மூக்கில் இருந்த சுழலி நிற்கவில்லை. மிச்சமிருந்த முறுக்கு தீரும்வரை புல்லைச் சீவிக்கொண்டே இருந்தது. நான் அருகே போகாமல் அது ஓயும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

மூக்குக்கட்டை:

வருத்தமாக இருக்கிறது. ஆனால் பழியை முழுவதும் அந்த 3 மில்லிமீட்டர் மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 200 முறுக்கில் ஒழுங்காகப் பறந்த விமானம் 600 முறுக்கில் இடப்பக்கம் கவிழ்ந்தது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரப்பரின் முறுக்குவிசையை. பின்னாலிருந்து பார்க்கையில் சுழலி வலஞ்சுழியாகச் சுற்றினால், அதன் எதிர்வினை விமானத்தை இடப்பக்கம் உருட்டும். முழு முறுக்கின் முதல் சில வினாடிகளில்தான் அந்த விசை உச்சத்தில் இருக்கும். நீங்கள் சறுக்கலில் கண்ட சாய்வைச் சுக்கானால் திருத்திவிட்டு, மூக்கைத் தொடாமலேயே முறுக்கை மூன்று மடங்காக்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். சறுக்கலில் தெரியும் குறையை ஈர்ப்பு மையத்தையும் வாலையும் கொண்டு திருத்த வேண்டும். முறுக்கோடு பறக்கும்போது மட்டும் தெரியும் குறையைச் சுழலியின் அச்சைத் திருப்பித்தான் திருத்த வேண்டும். சுழலியைத் தாங்கும் மூக்குக் கட்டைக்கும் உடற்கூட்டுக்கும் இடையில் இடப்பக்கம் ஒரு மெல்லிய அட்டைத் துண்டைச் செருகினால் அச்சு வலப்பக்கம் பார்க்கும். மேற்பக்கம் செருகினால் கீழ்நோக்கும். 50 முறுக்குக்கு மேல் ஒரேயடியாகக் கூட்டக் கூடாது. மிக முக்கியமாக, ஒரு பறப்புக்கும் அடுத்த பறப்புக்கும் இடையில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் செய்தால் எது பலித்தது என்று ஒருபோதும் தெரியாது.

என் சொந்த அனுபவம் சுருக்கமானது. மூக்குக் கட்டை தளர்வாக இருந்த ஒரு விமானத்தில், பறந்துகொண்டிருக்கும்போதே கட்டை சுழலியோடு கழன்று என் காலடியில் விழுந்தது. மூக்கில்லாத விமானம் தலைக்கு மேல் சற்று நேரம் ஏறிக்கொண்டே போனதை இன்னும் நம்ப முடியவில்லை.

ஈரக்காற்று:

மூக்குக்கட்டை அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. இறக்கைத் திருகலின் விளைவு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். மெதுவாகச் சறுக்கும்போது மடிப்புக் காகிதத்துக்கு அடங்கிய திருகல், முழு முறுக்கின் வேகத்தில், அதுவும் முறுக்குவிசையோடு ஒரே பக்கம் சேர்ந்துகொண்டால், அடங்க மறுப்பது இயல்பு. சுக்கானும் அதே அளவில் வலுக்கும் என்று பதில் வரும், தெரியும். இறக்கை நுனியின் உருட்டலைச் சுக்கான் நேரடியாக எதிர்ப்பதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு நேர்ந்தது வேறு. உலர்ந்த நாளில் கம்பீரமாக விறைத்திருந்த டிஷ்யூ, பனி விழுந்த காலையில் வயலோரம் பெட்டியைத் திறந்தபோது நனைந்த பட்டம் போலத் தொய்ந்திருந்தது. வெயில் ஏறியதும் மீண்டும் இறுகியது. ஆனால் வேறு வடிவத்தில். நான் சரிபார்க்காமல் விட்டேன். இரவில் பார்த்த இறக்கையும் காலையில் விடும் இறக்கையும் ஒன்றல்ல என்பதால், பால்சாத்தூள் அந்த இரவே திருத்தியிருந்தாலும் பயன் இருந்திருக்குமா என்பது ஐயமே.

ரப்பர்நாடா:

விழுந்த கதைகளாகவே வருகின்றன. என்னுடையது தரையைவிட்டு எழவேயில்லை.

நண்பர் வாலைப் பிடித்திருந்தார். நான் ரப்பரை வெளியே நான்கு மடங்கு இழுத்துப் பிடித்து முறுக்கிக்கொண்டே, முறுக்கு ஏற ஏற விமானத்தை நோக்கி அடியடியாக நடந்து வந்தேன். கொக்கி மூக்கருகே வந்து, இனி மாட்டினால் போதும் என்ற நிலையில் ரப்பர் அறுந்தது. பெரிய ஓசை ஒன்றும் இல்லை, ஈரத்துணியை உதறியது போல ஒரு சத்தம்தான். உடற்கூட்டின் ஒரு பக்கத்து நீள்சட்டங்கள் முழுவதும் வெளியே பிதுங்கிக் கிடந்தன. விமானி பொம்மை மட்டும் இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பர் சிரித்துவிட்டார், நான் அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை.

அறுந்த முனையில் மணல் துகள் கீறிய தடம் இருந்தது. முந்தைய முறை தரையில் வைத்துவிட்டு, துடைக்காமல் மீண்டும் மாட்டியது நான்தான். இப்போது ஒவ்வொரு முறையும் ரப்பரைச் சோப்பு நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, சிலிக்கோன் அல்லது ஆமணக்கு எண்ணெய் தடவி, வெளிச்சம் புகாத டப்பாவில் வைக்கிறேன். முறுக்கும்போது உடற்கூட்டினுள் ஒரு மெல்லிய அலுமினியக் குழாயைச் செருகி, ரப்பர் அதனுள்ளேயே முறுகும்படி செய்து, முறுக்கி முடிந்ததும் குழாயை உருவிவிடுகிறேன். அறுந்தால் குழாய் வாங்கிக்கொள்ளும். குழாய் இல்லாமல் முறுக்குவதைத் துணிச்சல் என்று யாரும் எழுத வேண்டாம்.

வால்கனம்:

சோப்வித் கேமல், முதல் உலகப் போர்க்கால விமானத்தின் மாதிரி. மூக்குக் குட்டை என்று தெரிந்தே எடுத்தேன். வாலில் ஒரு கிராம் கூடினால் மூக்கில் மூன்று கிராமுக்குக் குறையாமல் ஈயம் வைக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் சுக்கானின் மூன்று நிறப் பட்டைகளை வண்ணத் தாளில் வெட்டி ஒட்டாமல், தூரிகையால் இரண்டு முறை பூசினேன், ஏனெனில் அது அத்தனை அழகாக வந்தது. அழகு போதாதா? முதல் சறுக்கலில் மூக்கைத் தூக்கி, தயங்கி நின்று, தூக்கிய இடத்திலேயே பின்னால் சரிந்து வாலில் உட்கார்ந்தது. அந்தச் சுக்கான் நசுங்கவில்லை; அதுதான் எரிச்சல்.

வாலின் பரப்பைப் பெரிதாக்கியிருக்கலாம் என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: மாட்டேன். உண்மை விமானத்தில் விமானி இருந்தார், மாதிரியில் இல்லை, ஆகவே மாதிரி தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ள வேண்டும் என்ற வாதம் எனக்கும் தெரியும். 1871இல் பாரிஸின் துய்லெரித் தோட்டத்தில் அல்போன்ஸ் பேனோவின் ரப்பர் விமானம் 11 வினாடி தானாகவே பறந்ததும் தன்னைத்தானே நிலைநிறுத்திக்கொள்ளும் ஏற்பாட்டால்தான். ஆனால் அவர் எந்த விமானத்துக்கும் நகல் செய்யவில்லை. நகலெடுக்க அப்போது விமானமே இல்லை.

சிறுபுள்ளி:

லேசி எம்-10 விமானத்தின் மாதிரி, 33 சென்டிமீட்டர் இறக்கை. இத்தனை சிறியதற்கு டீதெர்மலைசர் எதற்கு, குறித்த நேரத்தில் வாலைத் தூக்கிவிட்டு, ஏறும் வெப்பக்காற்றிலிருந்து விமானத்தைக் கீழே கொண்டுவரும் அந்த ஏற்பாட்டின் எடை வீண்தானே என்று விட்டுவிட்டேன். ரப்பர் தீர்ந்து சுழலி நின்றுவிட்டது. விமானம் இறங்க வேண்டும், இறங்கவில்லை. அகன்ற வட்டமிட்டு ஏறிக்கொண்டே இருந்தது, அதே வட்டத்தில் சற்று மேலே ஒரு பருந்தும் இறக்கையை அசைக்காமல் சுற்றியது. முறுக்கியைக் கையில் பிடித்தபடியே ஓடினேன். கண்ணில் நீர் கட்டி ஒருமுறை இமைத்தேன். திறந்தபோது பருந்து மட்டும் இருந்தது.

பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு பெட்டிக்குள் இருந்தது. ஒட்டவில்லை.

பால்சாத்தூள்:

அனைவருக்கும் நன்றி. உடைந்த இடது இறக்கையை ஒட்டி, ஆவியில் காட்டித் திருகலை எடுத்தேன். மூக்குக் கட்டையின் இடப்பக்கம் ஓர் அட்டைத் துண்டும் செருகினேன். நேற்று 300 முறுக்கில் அகன்ற வலவட்டமாகச் சென்று 22 வினாடியில் இறங்கியது.

மூக்குக்கட்டை:

இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டீர்கள்.

பால்சாத்தூள்:

ஆமாம். விட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. அட்டையை எடுத்துவிட்டு ஒருமுறை விட்டுப் பார்க்கலாம் என்று கை போனது. 22 வினாடி பறந்ததைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. 600க்கு இன்னும் போகவில்லை.