ஐசோல்சிபியுஸ் போட்டும் ரெண்டு த்ரெட்டும் ஒரே கோர்ல ஓடுது

கப்பலூர்_கேமரா:
சிட்கோ பட்டறைல ரப்பர் வாஷர் சோதிக்கிற கேமரா நிரல், சி மொழி. 4 கோர், ஹைப்பர்த்ரெட்டிங் கிடையாது. லினக்ஸ் பூட் வரியில ஐசோல்சிபியுஸ்=2,3 (அந்த ரெண்டு கோரையும் மத்த வேலைக்குக் கொடுக்காம ஒதுக்குற அமைப்பு). மெயின்ல முதல் வேலையா ஷெட்_செட்அஃபினிட்டி(0, ...) கூப்பிட்டு மாஸ்க்ல, அதாவது எந்தக் கோர்ல ஓடலாம்ங்கிற பட்டியல்ல, 2, 3 ரெண்டையும் வைக்கிறேன். அப்புறம்தான் படம் பிடிக்கிற த்ரெட்டும் (நிரலுக்குள்ள தனியா ஓடுற வேலைச் சரடு) கணக்குப் போடுற த்ரெட்டும் பிறக்குது. ரெண்டுமே 2லதான் கிடக்கு, 3 சும்மா இருக்கு. மதியமானா ஃப்ரேம் இன்னும் கூடுதலா விடுது. ஏன்?

வைகைக்கரை:
அது பிழை இல்ல தம்பி, ஐசோல்சிபியுஸோட குணமே அதான். அந்தக் கோர்களுக்கு லோடு பேலன்சிங், அதாவது கர்னல் வேலையைக் கோர்களுக்குள்ள பிரிச்சு விடுறது, நின்னுரும். மாஸ்க்ல ரெண்டு கோர் கொடுத்தாலும் முதல்ல விழுந்த இடத்துலயே உட்கார்ந்துக்கும், பக்கத்துக் கோர் காலின்னு கர்னல் நகர்த்தாது. ஒரு த்ரெட்டுக்கு ஒரே கோர்னு நீங்களே கட்டணும்.

மெயினை 0, 1லயே விடுங்க. பித்ரெட்_அட்ர்_செட்அஃபினிட்டி_என்பி வச்சு பிடிக்கிறதுக்கு 2, கணக்குக்கு 3னு பிறக்கும்போதே கொடுங்க. த்ரெட் தன்னைப் பெத்த த்ரெட்டோட மாஸ்கைத்தான் வாங்கும். மெயினை 2ல கட்டுனா, பட நூலகம் உள்ளுக்குள்ள கிளப்புற த்ரெட்டுகளும் அங்கேயே வந்து குவியும். ஷெட்_செட்அஃபினிட்டிக்கு கெட்பிட்() கொடுத்தா மெயின் த்ரெட் மட்டும்தான் மாறும், மொத்த நிரலும் மாறாது. இன்னொண்ணு, பித்ரெட் வகை பிழை எண்ணையே திருப்பித் தரும். -1 வருதான்னு பார்த்தா தப்பு கண்ணுலயே படாது.

கப்பலூர்_கேமரா:
கட்டிட்டேன்ணே, பிரிஞ்சிருச்சு. ரீபூட் இல்லாம கோர் ஒதுக்க வழி இருக்கா?

திருமங்கலம்_ரூட்:
சிகுரூப் (நிரல்களைக் குழுவாக்கி வளம் பிரிச்சுக் கொடுக்கிற கர்னல் வசதி) 2ல சிபியுசெட் பார்ட்டிஷன். ரூட் சிகுரூப்போட சப்ட்ரீ_கன்ட்ரோல்ல +சிபியுசெட் எழுதி, கீழ ஒரு டைரக்டரி போட்டு, சிபியுசெட்.சிபியுஸ்ல 2-3 எழுதுங்க. பிறகு சிபியுசெட்.சிபியுஸ்.பார்ட்டிஷன்ல 'ரூட்' இல்லன்னா 'ஐசோலேட்டட்'. 'ஐசோலேட்டட்' கர்னல் 6.1லேர்ந்துதான் இருக்கு. 'ரூட்'ல அந்த ரெண்டு கோருக்குள்ள பேலன்சிங் நடக்கும். நீங்க முதல்ல எதிர்பார்த்தது இதைத்தான். எழுதுனதும் அதே ஃபைலைப் படிச்சுப் பாருங்க. ஒத்துவரலைன்னா 'இன்வேலிட்'னு காரணத்தோட நிக்கும். நிரல் கேட்கிற மாஸ்கை சிபியுசெட் சத்தமில்லாம வெட்டும். மிச்சம் ஒண்ணுமே இல்லன்னாதான் ஐஇன்வால்ங்கிற பிழை வரும்.

இன்டரப்டை (வன்பொருள் கோரைக் கூப்பிடுற குறுக்கீடு) தனியா நகர்த்தணும். /ப்ராக்/இன்டரப்ட்ஸ்ல 2, 3க்கு நேரா எண் ஏறுதான்னு பாருங்க. ஏறுனா அந்த ஐஆர்க்யூவோட (இன்டரப்ட் எண்) எஸ்எம்பி_அஃபினிட்டி_லிஸ்ட்ல 0-1 எழுதுங்க. ஷெட்_ஃபிஃபோங்கிற ரியல்டைம் முன்னுரிமை போட்டு காலி லூப்ல சுத்த விடாதீங்க. அந்தக் கோருக்குன்னே இருக்கிற கர்னல் த்ரெட்டுக்கு மூச்சு முட்டும்.

வைகைக்கரை:
மதியம் ஃப்ரேம் விடுற கதைக்கும் அஃபினிட்டிக்கும் (த்ரெட்டைக் கோர்ல கட்டுறது) சம்பந்தம் இருக்காது. தகரக் கூரைக்குக் கீழ மூடுன பெட்டியா? இன்டெல்னா சிபியு2 டைரக்டரிக்குள்ள தெர்மல்_த்ராட்டில், அதுல கோர்_த்ராட்டில்_கவுன்ட். காலையில ஒரு தடவை, 2 மணிக்கு ஒரு தடவை பாருங்க. எண் ஏறியிருந்தா சூட்டுல கிளாக் இறங்குதுன்னு அர்த்தம். ஃபேன் வாங்குங்க, நிரல்ல கை வைக்காதீங்க.