ஆக்சில் பேரிங் மாற்றியபோது நடந்தது என்ன? அனுபவப் பகிர்வு

கிரீஸ்கை:
பின் ஆக்சில் பேரிங் போனால் வரும் உறுமலை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டை உருவினேன். பேரிங் நகராமல் ஷாஃப்டில் இறுகி நிற்கும் வளையம்தான் காலர். பழைய காலரில் பாதி ஆழம் துளையிட்டு உளியை வைத்து ஓர் அடி, விரிந்து கழன்றது. புது பேரிங்கைப் பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரம்) ஏற்றி, பின்னாலேயே காலரையும் ஏற்றினேன். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், பேரிங்கை ஆக்சில் உறையோடு பிடித்து வைக்கும் ரீடெய்னர் பிளேட் மேசைமேல் சாவகாசமாகக் கிடக்கிறது! பேரிங்குக்கு முன்பே ஷாஃப்டில் ஏறியிருக்க வேண்டியது அது. ஒரு மணி நேரம்கூட ஆகாத காலரை மறுபடி பிளந்தேன். இழுத்ததில் பேரிங்கும் பாழ். அந்த பிளேட்டின் 4 துளைகளும் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

இரவுப்பயணி:
உறுமலை விளக்க வேண்டியதில்லையா? நான் டயர் சத்தம் என்று நம்பி 2 டயர்களை மாற்றியவன். தார்ச்சாலையிலும் கான்கிரீட்டிலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தபோதே விழித்திருக்க வேண்டும். டிரம்மைக் கழற்றினால், ஆயில் கசியாமல் தடுக்கும் சீலைத் தாண்டி வந்த கியர் ஆயிலில் பிரேக் ஷூ ஊறிக் கிடந்தது. அந்த ஷூவை நம்பித்தான் முந்தைய வாரம் குழந்தைகளோடு மலை இறங்கினேன்.

சுத்தியல்:
உளி எடுத்தவர் பிழைத்தார். என் நண்பர் என் வண்டியின் காலரைக் கழற்றத் தீயைக் காட்டினார். ஷாஃப்ட் நீலம் பாய்ந்தது. "ஒன்றும் ஆகாது" என்றார். எஃகின் பதம் போன ஷாஃப்டில் சக்கரத்தை மாட்ட எனக்குத் துணிவில்லை, வேறு வாங்கினேன். அவருடன் பேச்சு இப்போதும் குறைவுதான்.

நிதானம்:
என்னுடையது சி-கிளிப் வகை, அதாவது காலருக்குப் பதில் C வடிவக் கிளிப் ஷாஃப்டின் உள்முனையைப் பிடித்திருக்கும். பேரிங் மாற்றிய சில வாரங்களில் சத்தம் திரும்பிவிட்டது, அவ்வளவுதான் கதை. யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். அந்த வகையில் பேரிங்குக்கு உள்வளையமே கிடையாது. உருளைகள் ஷாஃப்டின் மேலேயே ஓடும். எனவே நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டினால் புது பேரிங் மட்டும் போட்டுப் பயனில்லை, ஷாஃப்டையும் மாற்ற வேண்டும். காலர் வகை என்றால் பிரஸ்ஸின் அழுத்தம் உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். வெளிவளையத்தை அழுத்தினால் அந்தச் சுமையைக் குண்டுகள் தாங்கும், பேரிங் அங்கேயே கெடும். பழையதை இழுக்கும்போது தடித்த மறைப்பு போட்டு ஒதுங்கி நில்லுங்கள். கடினமான வளையம் வெடித்தால் சில்லு பறக்கும். இரவுப்பயணி, உங்கள் ஹவுசிங்கின் (ஆக்சிலை மூடிய உறை) காற்றுத்துளை அடைத்திருக்கிறதா என்று பார்த்தீர்களா? அடைத்தால் சூட்டில் அழுத்தம் ஏறி, புது சீலையும் தாண்டி ஆயில் வரும்.

இரவுப்பயணி:
பார்த்தேன். சேறு அடைத்திருந்தது. டயர் வாங்கும் முன் சொல்லியிருக்கலாம்.

கிரீஸ்கை:
நிதானம் அவர்களே, இத்தனை சொன்னீர்கள், பிளேட்டை முதலில் கோர்க்கச் சொல்ல நீங்களும் மறந்துவிட்டீர்கள்.